மாஞ்சோலை லைன் வீடுகள்: கம்பெனி, அரசு, குடியிருந்தவர்கள்

மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த இடங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு, ரேஷன் கார்டு உண்டு, கோயிலும் மாதா கோயிலும் உண்டு. குடியிருந்தவர் ஒருவர் கையிலும் வீட்டுப் பட்டா மட்டும் கிடையாது. வீடு கம்பெனியுடையது. கம்பெனி நின்ற நிலம் குத்தகை நிலம்.

மே நாள் மலர்களில் மாஞ்சோலையைப் பற்றி எழுதும்போது கூலியைப் பற்றி எழுதுவது நம் வழக்கம். 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கி, பெண்களும் கைக்குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டதைப் பற்றி எழுதுகிறோம். எழுதாமல் இருக்கவும் முடியாது. ஆனால் அந்த ஊர்வலத்தில் வந்தவர்கள் மாலையில் திரும்பிப் போக வேண்டியிருந்த வீடு யாருடையது, அந்த வீட்டுக்காரரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை நாம் போதுமான அளவு எழுதி வைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த வீடுகளின் வரலாறு.

1929 பிப்ரவரி 12 அன்று சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் 8,373 ஏக்கர் 57 சென்ட் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. அது 1863-இல் தொடங்கி, பர்மாவின் தேக்கில் வளர்ந்த கம்பெனி. காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் ஏலமும் சிங்கோனாவும் போட ஆள் வேண்டும். கங்காணிகள் சமவெளியில் இறங்கி ஆள் திரட்டினார்கள். ஏறி வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு சென்ட் நிலமும் இல்லாத தாழ்த்தப்பட்ட குடும்பங்கள். பண்ணையாரின் காலடியில் கிடந்த சேரியை விட்டு மலைக்குப் போனவர்களுக்கு அங்கே சுவரும் கூரையும் கிடைத்தன. அந்த வீடு அவர்களுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்காமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 1952-இல் சிங்கம்பட்டி ஜமீன் அரசின் கைக்கு வந்தது. குத்தகை தொடர்ந்தது. அன்றிலிருந்து நிலத்துக்கு உரிமையாளர் அரசு, குத்தகைதாரர் கம்பெனி, கம்பெனி கட்டிய வீட்டில் வேலையின் பேரில் குடியிருந்தவர் தொழிலாளி. நெல்லைச் சீமையில் குத்தகை, உள்குத்தகை என்றால் எல்லோருக்கும் விளங்கும். உள்குத்தகைக்காரனுக்காவது வாய்மொழி உடன்படிக்கை ஒன்று இருக்கும். லைன் வீட்டில் குடியிருந்தவருக்கு அதுவும் இல்லை.

லைன் வீடு என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகள். முன்னால் ஒரு திண்ணை, உள்ளே அறை, பின்னால் அடுப்படி. அடுப்புக்கு மேலே விறகு அடுக்கி உலர்த்துவார்கள், மலையில் அது இல்லாமல் மழைக்காலத்தைத் தள்ள முடியாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அறிமுகமில்லாத ஒருவரை மலையில் கண்டால் முதலில் கேட்பது எந்த எஸ்டேட், எந்த லைன் என்றுதான். வாசலை ஒட்டி ஒரு துண்டு நிலத்தில் கீரையும் அவரையும் போட்டுக்கொள்வார்கள்.

அந்த வீட்டைப் பிடித்திருந்தது செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் உள்ள பெயர். பெயர் இருக்கும்வரை வீடு. வயதாகி ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும், அல்லது வீட்டிலிருந்து இன்னொருவர் பெயர் பதிய வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையோ வீட்டுக்கு வந்த மருமகளோ கொழுந்துக் கூடையை எடுத்ததற்குப் பல குடும்பங்களில் இதுவே காரணம். கூலி போதாது என்று தெரிந்தே பெயர் பதிந்தவர்கள் உண்டு. பெற்றோரை இறக்கிவிட இடமில்லை. தோட்டத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஆள் நின்றதற்குக் கூலியைவிட வீடுதான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வால்பாறையிலும் மூணாறிலும் நீலகிரியிலும், கடல் கடந்து இலங்கை மலையகத்திலும் இதே கதைதான்.

வீட்டுக்காரராகிய முதலாளியைக் கட்டுப்படுத்தச் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே ரெகே குழு தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். 1954 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. வாடகை வீட்டைப் பற்றிய சட்டங்களோடு ஒப்பிட்டால் அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான சட்டம். தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கட்டிக் கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று அதன் 15-ஆம் பிரிவு சொன்னது. சலுகை என்று சொல்லவில்லை, கடமை என்று சொன்னது. ஆய்வாளர்களுக்குத் தோட்டத்துக்குள் நுழையவும் பதிவேடுகளைப் பார்க்கவும் அதிகாரம் கொடுத்தது.

16-ஆம் பிரிவைப் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். வீட்டின் தரம், மனை தேர்வு, வாடகை உண்டென்றால் எவ்வளவு என்பதற்கெல்லாம் மாநில அரசு விதி செய்யலாம். அரசு, முதலாளி, தொழிலாளி மூவரின் பிரதிநிதிகளும் உட்காரும் வீட்டுவசதி ஆலோசனைக் குழு அமைக்கலாம். தொழிலாளர் குடியிருக்கும் பகுதிக்கு வெளியார் வந்துபோகவும் வழி செய்யலாம். வெளியாள் வந்தால் கேட்டில் மறிக்கும் தோட்டங்களில் கடைசியாகச் சொன்னது எவ்வளவு முக்கியமான உரிமை! வீட்டையொட்டிக் காய்கறி போட ஒரு துண்டு நிலம் ஒதுக்குவதைப் பற்றியும் அந்தப் பிரிவு பேசுகிறது. அதைச் சொல்லும் அதே உட்பிரிவில், அதே வாக்கியத்தில்தான், தொழிலாளியையும் குடும்பத்தையும் அந்த வீட்டிலிருந்து வெளியேற்றுவதும் வருகிறது. கீரைப் பாத்தியும் வெளியேற்றமும் ஒரே வரியில். எத்தனை நாள் அவகாசம், யார் முன் முறையிடுவது, வயதானவர் இருந்தால் என்ன, பள்ளிக்கூடம் நடக்கும் காலமென்றால் என்ன, எதையும் சட்டம் தன் வாயால் சொல்லவில்லை. விதிக்கு விட்டுவிட்டது.

1981-இல் கொண்டுவந்த திருத்தம் இன்னொரு படி முன்னே போனது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால், காயப்பட்டால் முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். குடியிருந்தவர் தவறாலோ இயற்கைச் சீற்றத்தாலோ மட்டுமே இடிந்தது என்றால் பொறுப்பில்லை. அந்த விலக்கு மலைக்கு எப்படிப் பொருந்தும்? மலையில் வீடு இடிவது பெரும்பாலும் மழையில்தான். மனையைத் தேர்ந்தெடுத்தவர் யார், சரிவுக்குக் கீழே லைனைக் கட்டியவர் யார் என்ற கேள்வி மழையின் பெயரால் மறைந்துபோக இடமிருக்கிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, அங்கே லயங்கள் எனப்படும் லைன் வீடுகளை மூடியது. 70 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பலர் கயத்தாறுப் பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், நம் மண்ணின் உறவுகள். அங்கே தொலைபேசித் தொடர்பு இல்லாததால் சேதி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. உயிர் தப்பியவர்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு தொழிலாளி தன் வீடு நிற்கும் சரிவைப் பற்றி மழைக்கு முன்பே புகார் சொல்ல விரும்பினால் யாரிடம் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆய்வாளர் வரும் நாளில் தோட்ட மேலாளரான துரை பக்கத்தில் நிற்க, கூரை ஒழுகுகிறது என்று சொல்லத் துணிகிறவர் எத்தனை பேர்? அப்படியே குற்றம் நிரூபணமானாலும் அந்தச் சட்டத்தின் பொதுத் தண்டனை நெடுங்காலம் மூன்று மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம். 2010-இல்தான் அதை ஆறு மாதம், 10,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள்.

ஆக, அந்தச் சட்டம் வீட்டைப் பார்த்தது. சுவர், கூரை, தண்ணீர், கழிப்பறை, மனை எல்லாவற்றையும் பார்த்தது. குடியிருப்பவரை மட்டும் குடியிருப்பவராகப் பார்க்கவில்லை, வேலையாளாகவே பார்த்தது. வேலை போனால் வீட்டின் மேலிருந்த எல்லாப் பாதுகாப்பும் கூடவே போகும்படி அது அமைந்திருந்தது.

வாடகைச் சட்டத்திடம் போகலாமே என்று தோன்றும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் நகரத்து வாடகைதாரருக்குச் சில கவசங்களைத் தருகிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், முன்பணத்துக்கு வரம்பு, தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டி வெளியேற்றத் தடை, வழக்குக்குத் தனி வாடகை நீதிமன்றம். ஆனால் அதன் 3-ஆம் பிரிவு யாருக்கெல்லாம் இது பொருந்தாது என்று சொல்கிறது. கம்பெனி தன் பணியாளருக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகக் கொடுத்த வீட்டுக்குப் பொருந்தாது. அரசும் அரசு அமைப்புகளும் சொந்தமாக வைத்திருக்கும் வீட்டுக்கும் பொருந்தாது. ஏழைகள் அதிகம் குடியிருக்கும் இரண்டு வகை வீடுகளும் வெளியே நின்றன. தனியார் வீட்டில் மாதம் பதினைந்தாயிரம் வாடகை கொடுப்பவருக்கு இருக்கும் கவசம் இவர்களுக்கு இல்லை. இது நியாயமில்லை என்று இந்த மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

உலக அளவில் இந்தச் சிக்கலை முன்பே கண்டுகொண்டிருந்தார்கள். 1958-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புத் தோட்ட உடன்படிக்கை, வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தொழிலாளி வீட்டைக் காலி செய்ய நியாயமான அவகாசம் தரப்பட வேண்டும், அந்த அவகாசத்தைச் சட்டம் வகுக்காவிட்டால் பேச்சுவார்த்தையிலும், அதிலும் முடியாவிட்டால் நீதிமன்றத்திலும் முடிவு செய்ய வேண்டும் என்கிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. 1961-இல் அதே அமைப்பு வெளியிட்ட தொழிலாளர் வீட்டுவசதிப் பரிந்துரை இன்னும் வெளிப்படையானது. தவிர்க்க முடியாத இடங்களைத் தவிர முதலாளியே நேரடியாக வீடு கொடுப்பது பொதுவாக விரும்பத்தக்கது அல்ல என்று அது சொல்லிற்று.

2024 மே மாத இறுதியில் மாஞ்சோலைக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. குத்தகை முடிய இன்னும் சில ஆண்டுகள் இருந்தன, ஆனால் தோட்டம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, நிலத்தைக் காப்புக்காடாக 2018-இல் அரசு அறிவித்தும் விட்டது. கம்பெனி வெளியேற முடிவு செய்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஜூன் 14-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆகஸ்ட் 7-க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். பணம் எப்படி? கால் பங்கு முதலில். மீதி முக்கால் பங்கு வீட்டைக் காலி செய்து கொடுத்த பிறகு.

இந்த நிபந்தனையில் சற்று நிற்க வேண்டும். ஒரு தொழிலாளி தன் ஆயுள் உழைப்புக்காகப் பெறும் தொகையில் நான்கில் மூன்று பங்கு வீட்டின் சாவியோடு கட்டப்பட்டது. பணம் இல்லாமல் சமவெளியில் வீடு பார்க்க முடியாது. வீடு பார்க்காமல் இறங்க முடியாது. இறங்காமல் பணம் கிடைக்காது. கல்லிடைக்குறிச்சியிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் முன்பணத்துக்கும் வாடகைக்கும் அலைந்தவர்களுக்கு இது வெறும் வாக்கியமாக இருந்திருக்காது. ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் ஆளை மலைக்கு இழுத்த அதே வீடு, இப்போது ஆளை இறக்கும் கருவியாயிற்று. கண்காணிப்பு அமைப்பு ஒன்று உண்மையிலேயே குடியிருப்பவரின் பக்கம் நின்றிருந்தால், ஓய்வுத் தொகையையும் வீட்டையும் ஒரே காகிதத்தில் முடிச்சுப் போட முதல் நாளே தடை விழுந்திருக்கும். தடை நீதிமன்றத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. டான்டீ என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் மாஞ்சோலையை ஏற்று நடத்த வேண்டும் என்பது தொழிலாளர் தரப்பின் கோரிக்கை. சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை தர உருவான கழகம் அது, ஆகவே கோரிக்கையில் வரலாற்று நியாயம் இருந்தது. 2024 டிசம்பர் 3 தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காடு காடாகத் திரும்ப வேண்டும், மக்களுக்கு அரசு அறிவித்த மறுவாழ்வு உதவிகள் போய்ச் சேர வேண்டும் என்பது தீர்ப்பின் போக்கு. அதன் பிறகும் வழக்குகள் தொடர்ந்தன. காட்டின் தேவையை நான் மறுக்கவில்லை. மணிமுத்தாறும் தாமிரபரணியும் அந்தச் சோலைகளின் தயவில்தான் ஓடுகின்றன, கீழே நெல் விளைவதும் அதனால்தான். காட்டைக் காப்பதற்கான செலவை லைன் வீட்டுக் குடும்பங்கள் மட்டும் சுமப்பதுதான் பொறுக்க முடியாதது.

அரசு அறிவித்த உதவிகளில் வீட்டுமனையும் வீடும் அடக்கம். நெல்லை ரெட்டியார்பட்டியில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடுகளும் அதில் உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்து 2021-இல் பெயர் மாறியது இந்த வாரியம். தமிழ்நாட்டின் ஏழைகளுக்கு அதைவிடப் பெரிய வீட்டுக்காரர் கிடையாது. அது செய்த நன்மை பெரிது, ஓலைக் குடிசையில் தீயோடும் வெள்ளத்தோடும் வாழ்ந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது கான்கிரீட் கூரை கொடுத்தது. ஆனால் மலையிலிருந்து இறங்கும் குடும்பம், வாடகைச் சட்டத்துக்கு வெளியே நின்ற ஒரு வீட்டிலிருந்து அதே சட்டத்துக்கு வெளியே நிற்கும் இன்னொரு வீட்டுக்குப் போகிறது.

வாரியத்தைக் கண்காணிப்பது யார்? வாரியமேதான். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்தால் சிமென்ட் பூச்சு உதிர்வதைக் குடியிருந்தவர்களே படம் பிடித்துக் காட்டிய பிறகுதான் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இரண்டு இடத்திலும் காப்பாற்றியது குடியிருந்தவர்களின் கண். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் வாரியம் குடியிருப்போர் சங்கங்களை அமைத்து, அவர்கள் திரட்டும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் கொடுக்க ஏற்பாடு செய்தது நல்ல தொடக்கம். பொறுப்பைக் கொடுத்த அளவுக்கு அதிகாரத்தையும் அந்தச் சங்கங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்பெல் கோபுரத்தில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் ஆபத்தைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள், கேட்பாரில்லை. அந்த நெருப்பிலிருந்து பிறந்தது 2023-ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம். வீட்டுக்காரர் நகராட்சியானாலும் வீட்டுவசதிச் சங்கமானாலும் தனி ஆணையம் ஒன்று அவர்களைச் சோதிக்கும். ராச்டேல் நகரில் பூஞ்சணம் படிந்த வீட்டில் மூச்சுத் திணறி இறந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில் வந்த விதிகள் 2025 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளன. உயிருக்கு ஆபத்தான குறையென்றால் 24 மணி நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும், கடுமையான ஈரம், பூஞ்சணம் பற்றிய புகாரைப் பத்து வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். புகாருக்குக் கெடு வைத்ததுதான் அந்தச் சட்டத்தின் உயிர்நாடி.

நமக்கு இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. தோட்டத்து வீட்டைப் பற்றிய கடமை பணிப் பாதுகாப்புத் தொகுப்பிலும், வீடு இடிந்தால் இழப்பீடு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கின்றன. இயற்கைச் சீற்ற விலக்கும் அப்படியே வந்திருக்கிறது. நுணுக்கங்களை மாநில விதிகள்தான் சொல்ல வேண்டும். வால்பாறை, கூடலூர், கோத்தகிரி என்று தமிழகத்தில் இன்னும் எத்தனையோ தோட்டங்களில் இதே லைன் வீடுகளில் குடும்பங்கள் இருக்கின்றன. வேலை முடிந்தபின் வீட்டில் தங்க எத்தனை மாதம் என்பதை விதியில் எண்ணால் எழுத வேண்டும். ஓய்வுக்காலப் பணத்தை வீட்டைக் காலி செய்வதோடு பிணைப்பதைத் தடுக்க வேண்டும். லைன் நிற்கும் சரிவை மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் புவியியல் துறை பார்க்க வேண்டும், அந்த அறிக்கை லைன் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். வீட்டுவசதி ஆலோசனைக் குழுவில் தொழிற்சங்கத்தாரோடு, செக்ரோலில் பெயர் இல்லாத ஆனால் அந்த வீட்டிலேயே இருக்கும் பெண்களும் முதியவர்களும் உட்கார இடம் வேண்டும். வாரிய வீடுகளுக்கு, வாரியத்துக்குக் கட்டுப்படாத ஒரு முறையீட்டு அமைப்பு மாவட்டந்தோறும் வேண்டும்.

அதற்கெல்லாம் காலம் ஆகும். ரெட்டியார்பட்டிக்கும் மணிமுத்தாறுக் கரைக்கும் வந்துவிட்ட குடும்பங்களுக்கு இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் உள்ள ஒதுக்கீட்டு ஆணையை நம் வழக்கறிஞர்களும் சங்கத் தோழர்களும் அவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்ல வேண்டும். ஆணை யார் பெயரில் இருக்கிறது, அவர் இறந்தால் வீடு யாருக்கு, கிரயப் பத்திரம் எப்போது, பராமரிப்புத் தொகை பாக்கி விழுந்தால் என்ன நடவடிக்கை, கூரை ஒழுகினால் எந்த அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பது என்ற ஐந்துக்கும் அந்தத் தாளில் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாதவற்றுக்கு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனு நாளில் எழுத்தில் பதில் கேட்க வேண்டும்.